ஆஸ்திரேலியா, நியூசிலாந்து தபால் கப்பல்: சூயஸா, பனாமாவா, சான் பிரான்சிஸ்கோவா?

லண்டனில் போட்ட கடிதம் சிட்னிக்கும் வெலிங்டனுக்கும் எந்த வழியாக வர வேண்டும் என்ற சண்டை 1850களில் தொடங்கி முப்பது நாற்பது வருஷம் ஓய்ந்தபாடில்லை. எது குறைந்த தூரம் என்று வரைபடத்தை மட்டும் பார்த்தால் இந்தச் சண்டை புரியவே புரியாது. அங்கிருந்த ஒவ்வொரு பிரிட்டிஷ் காலனியும் கேட்டது வேறு கேள்வி: கப்பல் முதலில் யார் துறைமுகத்துக்கு வருகிறது, திரும்பும்போது கடைசியாக யார் துறைமுகத்திலிருந்து கிளம்புகிறது? முதலில் கடிதம் கிடைத்து, கடைசியில் பதில் போட முடிகிற ஊர் வியாபாரிக்குத்தான் லாபம். அதுவும் மாதம் ஒரே கப்பல் இருந்த காலம். வருகிற கப்பல் இரண்டு நாள் தாமதமாகி, போகிற கப்பல் அதற்குள் கிளம்பிவிட்டால் பதில் ஒரு மாதம் தள்ளிப் போகும். கம்பளி விற்பவன் பாடு அதோடு போச்சு.

சூயஸ் வழியில் இருந்து தொடங்குவோம், அதுதான் மூத்தது. சவுத்தாம்ப்டனிலிருந்து அலெக்சாண்ட்ரியா, அங்கிருந்து எகிப்தைத் தரைவழியே கடந்து சூயஸ் (1858இல் ரயில் சூயஸ் வரை வந்துவிட்டது), பிறகு இலங்கையின் காலித் துறைமுகம். இந்தியாவுக்கும் சீனாவுக்கும் போகிற பெரிய தடத்திலிருந்து ஆஸ்திரேலியக் கிளை பிரிந்தது காலியில்தான். தென்மேற்குப் பருவக்காற்றில் பாறைகளுக்கு நடுவே நங்கூரம் போட்டு நிற்க வேண்டிய துறைமுகம் அது. கொழும்பில் அலைதாங்கி கட்டத் தொடங்கிய பிறகு, 1882இல்தான் இந்தத் தடத்தில் ஓட்டிய பி அண்ட் ஓ கப்பல் கம்பெனி அங்கே மாறியது. காலிக்கு அப்புறம் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆல்பனி, பிறகு மெல்போர்ன், கடைசியாக சிட்னி. அடிலெய்டைத் தாண்டித்தான் கப்பல் போகும், ஆனால் பல வருஷம் உள்ளே வராது. அடிலெய்டு இருக்கும் தென் ஆஸ்திரேலியாக்காரர்கள் தங்கள் தபால் மூட்டைகளை எடுத்துவர சொந்தச் செலவில் ஆல்பனிக்குக் கிளைக் கப்பல் விட்டார்கள். நியூசிலாந்தோ வாலுக்கும் பின்னால்.

இந்த வழியின் ஆரம்பம் ஒன்றும் பிரமாதமில்லை. 1852இல் சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்குக் கிளை ஓட்ட ஆரம்பித்த பி அண்ட் ஓ, கிரிமியப் போருக்குப் படை ஏற்றக் கப்பல்கள் தேவைப்பட்டதால் 1854இல் விலகிக்கொண்டது. தங்க வேட்டைக்கு ஜனம் குவிந்துகொண்டிருந்த நேரத்தில் கடிதங்கள் மறுபடி பாய்மரக் கப்பலுக்குப் போயின. அடுத்து ஆண்டுக்கு 1,85,000 பவுண்டு மானியத்தோடு புதிய கம்பெனி ஒன்று ஒப்பந்தம் எடுத்தது, யூரோப்பியன் அண்ட் ஆஸ்திரேலியன் ராயல் மெயில் என்று பெயர். உதிரிக் கப்பல் இல்லாமல் மாதாந்திர ஒப்பந்தத்தில் இறங்கினால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது: ஒரு கப்பல் பழுதானால் கால அட்டவணையே சரியும், அபராதம் ஏறும். 1858இல் கதை முடிந்து, பி அண்ட் ஓ திரும்பி வந்தது. அதற்கு இந்திய, சீன வியாபாரம் ஏற்கெனவே இருந்தது, மாற்றுக் கப்பல் இருந்தது, ஆஸ்திரேலியக் கிளையை மட்டும் நம்பிப் பிழைக்க வேண்டிய நிலை இல்லை. சூயஸ் வழியின் பலம் என்று நான் நினைப்பது இதைத்தான், கால்வாயை அல்ல. 1869இல் கால்வாய் திறந்த பிறகும், தபால் எகிப்தில் ரயிலில்தான் போக வேண்டும் என்று பிரிட்டிஷ் தபால் துறை சில வருஷம் அடம்பிடித்தது!

பனாமா வழி காகிதத்தில் அழகோ அழகு. 1866இல் தொடங்கியது. சிட்னி, வெலிங்டன், அங்கிருந்து நேராகப் பனாமா, பூசந்தியைக் கடக்க 1855இலேயே போட்ட ரயில், மறுபுறம் கொலோனில் ராயல் மெயில் என்ற வேறொரு கம்பெனியின் கப்பல், செயின்ட் தாமஸ் தீவு, சவுத்தாம்ப்டன். வெலிங்டன் கடைக்கோடி ஊராக இல்லாமல் வாசலாகிவிட்டது, நியூசிலாந்து அரசுக்கு வேறென்ன வேண்டும்? மானியத்தை நியூ சவுத் வேல்ஸோடு பங்கு போட்டுக்கொண்டது.

சிக்கல் பசிபிக்கில். வெலிங்டனுக்கும் பனாமாவுக்கும் நடுவில் ஏறக்குறைய நாலு வாரம் ஒரு பெரிய துறைமுகம் கிடையாது. ஏற்றுமதிச் சரக்கு கிடையாது, இடையில் ஏறும் பயணி கிடையாது, நிலக்கரியை மட்டும் சுமந்துகொண்டே போக வேண்டும். ராப்பா என்ற குட்டித் தீவில் கரிக் கிடங்கு வைத்தார்கள். 1867இல் பிரான்ஸ் அந்தத் தீவைத் தன் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டது. அதே வருஷம் அக்டோபரில் செயின்ட் தாமஸ் பக்கம் அடித்த சூறாவளியில் ராயல் மெயிலின் 'ரோன்' கப்பல் மூழ்கியது. மஞ்சள் காய்ச்சல் பயம் தனி. இரண்டு கப்பல் கம்பெனி, ஒரு ரயில், நடுவில் ஒரு தீவு என்று இத்தனை கை மாறும்போது ஏதாவது ஒன்று தவறினாலும் தபால் நின்றுவிடும். 1869 தொடக்கத்தில் பசிபிக் பகுதியை ஓட்டிய கம்பெனி கைவிட்டது. மானியத்தை மட்டுமே வருமானமாக நம்பிய தடம், அவ்வளவுதான்.

அதே 1869 மே மாதம் அமெரிக்காவின் கிழக்கையும் மேற்கையும் ரயில் இணைத்தது, உடனே எல்லோர் கண்ணும் சான் பிரான்சிஸ்கோ பக்கம் திரும்பியது. நியூசிலாந்தில் இதற்காகப் பெரிதாக வாதாடியவர் அரசியல்வாதி ஜூலியஸ் வோகல். முதல் முயற்சிகள் சொதப்பின, ஹால் என்பவர் ஓட்டினார், வெப் என்பவர் ஓட்டினார், இரண்டும் நிலைக்கவில்லை. 1875இல் பசிபிக் மெயில் கம்பெனி வந்த பிறகுதான் நிலைபெற்றது. அப்போதும் ஃபிஜியின் கண்டாவு தீவில் கப்பல் மாற்றி, ஒரு கிளை சிட்னிக்கும் இன்னொன்று நியூசிலாந்துக்கும் என்று பிரித்துப் பார்த்தார்கள். பவளப்பாறை சூழ்ந்த இடம், வேண்டாத வேலை, பிறகு விட்டுவிட்டார்கள். ஆனால் பனாமாவோடு ஒப்பிட்டால் ஒரு பெரிய வித்தியாசம்: நியூயார்க்கில் அட்லாண்டிக் கப்பல் ஒன்றைத் தவறவிட்டாலும் சில நாளில் அடுத்தது கிடைக்கும். ஹொனலுலு வழியில் இருந்தது, கரியும் கிடைத்தது, பயணிகளும் கிடைத்தார்கள்.

குயின்ஸ்லாந்து தனி வழியில் போனது. டோரஸ் நீரிணை வழியாக 1881 முதல் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கப்பல், அதாவது நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் போய்வந்தவர்களுக்குத் தெரிந்த அதே கம்பெனி. வடக்கே இருந்து இறங்குவதால் குயின்ஸ்லாந்தின் கரையோர ஊர்கள் முதலிலேயே தபாலைப் பார்த்தன. ஆனால் பாறைகள். 1890இல் அந்தக் கம்பெனியின் 'குவெட்டா' கப்பல் வரைபடத்தில் இல்லாத பாறையில் மோதி மூன்றே நிமிடத்தில் மூழ்கியது, நூற்றுக்கு மேல் உயிர்கள் போயின. கடிதத்துக்காக அல்லாமல் குடியேறிகளுக்கும் சரக்குக்கும் என்று சொன்னால் இந்த வழியை ஏற்றுக்கொள்ளலாம்.

மெல்போர்ன்காரனாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம், சூயஸ். சிட்னிக்கு சூயஸ், சான் பிரான்சிஸ்கோ இரண்டும் வேண்டும், அப்போதுதான் மெல்போர்னிடம் கெஞ்ச வேண்டியதில்லை. ஆக்லாந்துக்கு சான் பிரான்சிஸ்கோ, சந்தேகமில்லை. வெலிங்டனிலோ டனீடனிலோ இருந்தால் நானும் அதற்குத்தான் கை தூக்குவேன், ஆனால் முழுப் பணத்தையும் அதில் போட மாட்டேன். அக்காலத்து ஆட்களும் அப்படித்தான் செய்தார்கள்: உறை மேல் 'சான் பிரான்சிஸ்கோ வழி' அல்லது 'பிரிண்டிசி வழி' என்று எழுதிப் போடுவார்கள். பின்னது இத்தாலி வரை ரயிலில் வந்து சூயஸ் கப்பலைப் பிடிக்கிற வழி, அதற்குக் கட்டணம் கூடுதல். வங்கி உண்டியல் (இன்னாருக்குப் பணம் கொடு என்று எழுதும் பத்திரம்) என்றால் முதல் பிரதி ஒரு வழியில், இரண்டாம் பிரதி இன்னொரு வழியில்.