செப்டிக் டேங்குக்குப் போகும் பைப்: எட்டு வருட அனுபவம்

2016இல் மன்னார்குடிக்குப் பக்கத்தில் வீடு கட்டினோம். எங்கள் தெருவுக்குப் பாதாளச் சாக்கடை கிடையாது. செப்டிக் டேங்க் கட்டியபோது கூடவே நின்றேன். எட்டடி நீளம், நாலடி அகலம், தண்ணீர் நிற்கும் ஆழம் நாலடி, உள்ளே ஒரு தடுப்புச் சுவர். ஏறத்தாழ 3,600 லிட்டர். ஐந்து பேருக்குத் தாராளம். அந்த டேங்க் இன்றுவரை ஒரு விரிசல்கூட விடவில்லை. எங்களைப் படுத்தி எடுத்தது கழிப்பறைக்கும் டேங்குக்கும் நடுவே புதைந்து கிடந்த நாற்பதடி பைப்தான். அதைப் புதைத்த அன்று நான் ஊரில் இல்லை.

மூன்றாவது வருடம் அம்மாதான் முதலில் சொன்னார்: "தண்ணி ஊத்துனா உடனே எறங்க மாட்டேங்குதுடா. கொளகொளன்னு சத்தம் போட்டுட்டு அப்புறந்தான் போவுது." டேங்க் நிறைந்துவிட்டது என்று லாரியை வரவழைத்து எடுத்தோம். காசு போனதுதான் மிச்சம், சத்தம் போகவில்லை.

பிறகு வயதான கொத்தனார் ஒருவர் வந்து பார்த்தார். டேங்க் மூடியைத் திறந்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டு, "தம்பி, உள்ள போயி ஒரு வாளித் தண்ணிய ஒரே மூச்சா ஊத்துங்க" என்றார். ஊற்றிவிட்டு ஓடி வந்து பார்த்தால் தண்ணீர் நூல் போல வந்துகொண்டிருந்தது. "ஒரு வாளி ஊத்துனா பொதபொதன்னு வந்து விழணும். நடுவுல பைப்பு தொங்கிக் கெடக்கு" என்றார்.

தோண்டினோம். மண்ணுக்குப் பதில் உடைந்த செங்கலைப் போட்டு மூடியிருந்தார்கள். தண்ணீர் நிரப்பிய டியூப் லெவல் பிடித்து மட்டம் பார்த்தபோது பைப்பின் நடுப்பகுதி இருக்க வேண்டிய கோட்டுக்கு ஒன்றரை அங்குலம் கீழே இறங்கியிருந்தது. அந்தத் தொய்வில் கசடு கெட்டிப்பட்டு, பைப்பின் பாதி வாயை அடைத்திருந்தது. வீட்டு மூலையில் சேம்பர் (திறந்து பார்க்க மூடி போட்ட சிறு தொட்டி) கட்டாமல், செங்கோணமாகத் திரும்பும் எல்போ ஒன்றை மாட்டி அப்படியே புதைத்திருந்தார்கள். அதில் ஒரு துணிக்கிழிசல் சிக்கிக் கிடந்தது. பைப்பும் மெல்லியது. கழிவுநீருக்கும் மழைநீருக்கும் போடும் எஸ்.டபிள்யூ.ஆர். பைப்பில் ஏ டைப், பி டைப் என்று இரண்டு உண்டு. ஏ டைப் மழைநீருக்கும் காற்றுக்குழாய்க்கும். மலக்கழிவுக்குக் கனமான பி டைப்தான் போட வேண்டும். பைப்பின் மேலேயே அச்சடித்திருப்பார்கள். வாங்கும்போது நான் அதைப் படிக்கவில்லை.

மறுபடி போட்டபோது ஒவ்வொரு அடியையும் பக்கத்தில் நின்று பார்த்தேன். நாலு அங்குல பைப்புக்கு வாட்டம், அதாவது சரிவு, பத்தடிக்கு இரண்டு அங்குலம். நாற்பதடிக்கு எட்டு அங்குலம். டேங்குக்குள் தண்ணீர் நுழையும் மட்டத்தை இந்தக் கணக்கை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். டேங்கை முதலில் கட்டிவிட்டு பைப்பை அதற்கு வளைத்தால் வாட்டம் கிடைக்காது. எங்களுக்கு அதிர்ஷ்டவசமாக மட்டம் இருந்தது. பைப்புக்குக் கீழே நாலு அங்குலம் மணல் பரப்பி, இரண்டு பக்கமும் மணலைக் கையாலேயே திணித்து மூடினோம். மூலையில் இரண்டடிச் சேம்பர் கட்டி, அடியில் அரைவட்ட வாய்க்காலை வளைவாகப் பூசினார் கொத்தனார். தட்டையாக விட்டால் கசடு அங்கேயே தங்கிவிடும். கீழ் முனையை அடைத்து, லைன் முழுக்கத் தண்ணீர் நிரப்பி, ஓர் இரவு வைத்து, இணைப்புகள் கசியவில்லை என்று பார்த்த பிறகே மண் தள்ளினோம். அதற்கப்புறம் அந்தச் சத்தம் வரவே இல்லை.

2020 டிசம்பரில் புரெவி புயல் மழை. கழிப்பறைக் கோப்பையில் தண்ணீர் மேலே ஏறி வந்தது. களிமண் பூமி, டேங்கிலிருந்து வழியும் நீரை மண்ணுக்குள் விடும் சோக் பிட் (உறிஞ்சுகுழி) உறிஞ்சவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். அது பாதிக் காரணம். மீதிப் பாதி, மொட்டைமாடி மழைநீர்க் குழாயை வீடு கட்டியபோதே பிளம்பர் கழிப்பறை லைனில் சேர்த்திருந்தது. 900 சதுர அடி மாடியில் 10 செ.மீ. மழை பெய்தால் 8,000 லிட்டருக்கு மேல் வரும். எங்கள் டேங்கைப் போல இரண்டு டேங்குக்கும் அதிகம். கசடு கலங்கி சோக் பிட்டுக்குப் போய் அதன் மண் கண்களையும் அடைத்திருந்தது. மழைக்குழாயைப் பிரித்துத் தனியாக விட்டோம். சோக் பிட்டை விட்டுவிட்டு, தரையை உயர்த்தி ஜல்லி போட்டுக் கல்வாழை நட்டு, டேங்கிலிருந்து வழியும் நீரை அங்கே விட்டோம். நான்கு மழைக்காலம் தாங்கிவிட்டது.

சமையலறைத் தண்ணீரையும் அப்போதே பிரித்தோம். எண்ணெய்ப் பிசுக்கு பைப்பின் உள்பக்கம் மெழுகு போலப் படிகிறது. தனிச் சேம்பரில் நின்று போகும்படி செய்து, மாதம் ஒருமுறை மேலே மிதப்பதை அள்ளிவிடுகிறோம். காற்றுக்குழாயின் கொசுவலை மட்கிப்போய் வீட்டில் கொசு பெருகியது. எவர்சில்வர் வலை மாட்டியதும் குறைந்தது.

2022இல் லாரி வந்தபோது, உடன் வந்தவர் "அண்ணே, எறங்கிக் கழுவி விடவா? முன்னூறு ரூவா குடுங்க" என்று கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றேன். பாதுகாப்புக் கருவி இல்லாமல் செப்டிக் டேங்கில் ஆளை இறக்குவதை, கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. சட்டம் ஒரு பக்கம். உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயுவின் அளவு கூடினால் மூக்குக்கே தெரியாது. நாற்றம் இல்லை என்று இறங்கிய பிறகு மேலே வர முடியாது. தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பதும் ஆபத்து, மீத்தேன் இருக்கும். டேங்கைக் கழுவ வேண்டிய அவசியமும் இல்லை. அடியில் கொஞ்சம் கசடு இருந்தால்தான் பாக்டீரியா மறுபடி பெருகும். லாரிக்குத் தமிழ்நாட்டில் 14420 என்ற எண்ணில் கூப்பிடலாம். எங்கள் மூடி முதலில் சிமென்ட் வைத்துப் பூசப்பட்டிருந்தது, உடைத்துத்தான் திறந்தோம். இப்போது கொக்கி மாட்டித் தூக்கும் மூடி வைத்திருக்கிறோம், லாரிக் குழாய் வாசலிலிருந்தே எட்டுகிறது.

வருடத்துக்கு ஒருமுறை நீளமான கம்பில் வெள்ளைத் துணி சுற்றி டேங்கில் இறக்கிப் பார்க்கிறேன். துணியில் கறுப்பு எவ்வளவு உயரத்துக்கு ஏறுகிறதோ அதுவே கசடின் அளவு. இந்தத் தடவை ஒரு அடிக்குக் கொஞ்சம் குறைவு. ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டால் எடுக்க வேண்டும். வரும் வருடம் லாரிக்குச் சொல்ல வேண்டியிருக்கும்.