கால் இஞ்ச் காலெட்டில் 6 மி.மீ. பிட்: நாக்தேவி தெருவில் நான் ஏமாந்த கதை

மும்பை நாக்தேவி தெருவுக்கு மரவேலைச் சாமான் வாங்கப் போகிறவர்கள் பையில் நுணுக்கமாக அளக்கும் வெர்னியர் ஒன்றையும் போட்டுக்கொள்ளுங்கள். நான் போட்டுக்கொள்ளவில்லை.

போன மாதம் சயானில் ரயில் ஏறி மஸ்ஜித் ஸ்டேஷனில் இறங்கி, அந்தத் தெருவில் ஒரு கடையில் பிளஞ்ச் ரூட்டர் (பலகையில் பள்ளம் வெட்டும் மெஷின்) வாங்கினேன். போனில் நான் தமிழ் பேசியதைக் கேட்டுவிட்டு, "அண்ணாச்சிக்குத் திருநெல்வேலிப் பக்கமா?" என்று ஆரம்பித்தார் விற்பவர். என் புத்தி பாதி அங்கேயே அவிந்துவிட்டது. ரூட்டரோடு, அதில் மாட்டி வெட்டும் பிட்டுகள் ஒரு பெட்டியும் எடுத்துவைத்தார். பிட்டின் தண்டைக் கவ்விப் பிடிக்கும் வாய்க்குக் காலெட் என்று பெயர். "பிட்டின் தண்டு 6 மி.மீ. என்று இருக்கிறதே, மெஷினின் காலெட் கால் இஞ்ச் அல்லவா?" என்று கேட்கத்தான் செய்தேன். "இரண்டும் ஒன்றுதான் அண்ணாச்சி. தாராவி ஆசாரிகள் எல்லாரும் இதைத்தான் கொண்டுபோகிறார்கள்."

ஒன்றல்ல. கால் இஞ்ச் என்றால் 6.35 மி.மீ. நட்டை முறுக்கினால் இறுகியது போலத்தான் தெரியும். ஆனால் காலெட் தண்டை முழு நீளத்துக்கும் கவ்வாது. ஓரத்தில் மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கும்.

மகளின் புத்தக அலமாரிக்கு 18 மி.மீ. பிளைவுட்டில் 6 மி.மீ. ஆழத்துக்குக் காடி, அதாவது நீளப் பள்ளம், வெட்ட வேண்டியிருந்தது. ஆழம் வைப்பதில் நான் அவசரப்படவில்லை. பிட் நுனி பலகையைத் தொடும்வரை மெஷினை இறக்கிப் பூட்டினேன். மெஷின் எவ்வளவு இறங்கலாம் என்று தடுக்கும் ஆழக் கம்பிக்கும் அதன் கீழே சுழலும் படிகளில் மிகத் தாழ்ந்த படிக்கும் நடுவே 6 மி.மீ. டிரில் பிட்டின் வால்பகுதியைக் குறுக்கே வைத்து, கம்பியை அதன்மேல் இறக்கி இறுக்கினேன். ஸ்கேலைக் கண்ணால் பார்த்து வைப்பதைவிட இது நம்பகமானது. ஒரே மூச்சில் வெட்டாமல் இரண்டு தடவையாக வெட்டினேன்.

அளந்து பார்த்தால் காடி ஒரு முனையில் 6, மறுமுனையில் 9! கம்பி அசையவில்லை, பூட்டும் நழுவவில்லை. ஒரு மணி நேரம் மெஷினைத் திட்டிய பிறகுதான் பிட்டைக் கழற்றினேன். தண்டில் பளபளவென்று தேய்ந்த கோடுகள். நான் மாட்டியிருந்தது சுருள் பிட்; அது சில்லை மேலே தள்ளும்போது தன்னைக் கீழே இழுத்துக்கொள்ளும். பிடி தளர்ந்திருந்ததால் வெட்ட வெட்ட இறங்கியிருக்கிறது. இன்னும் கொஞ்சம் இறங்கிக் கழன்றிருந்தால், அது சுற்றும் வேகத்துக்கு எங்கே போய்க் குத்தியிருக்குமோ, நினைக்கவே பிடிக்கவில்லை.

திரும்பப் போனேன். ஊர் விசாரிப்பு எதுவும் இல்லை. "பில் காட்டுங்கள்" என்றார். அவரே துண்டுச் சீட்டில் எழுதித் தந்த கச்சா பில்தான் என்னிடம் இருந்தது. கடைப் பெயரும் இல்லை, ஜி.எஸ்.டி. எண்ணும் இல்லை. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எங்கள் சீட்டு இல்லையே" என்றார்.

பக்கத்துக் கடையில் 6 மி.மீ. காலெட் வாங்கி மாட்டிவிட்டேன்; பிட் இப்போது அசைவதில்லை. கெட்டுப்போன பலகையைத் தூக்கி எறிய மனம் வராமல், காடியின் சரிவுக்கு ஏற்ற ஓர் ஆப்பை இழைத்துக்கொண்டிருக்கிறேன்.