கேரியர் கோச்சிங் ரிவ்யூ: அஞ்சு செஷன்ல உருப்படியா கெடச்சது ஒரு கட்டம் போட்ட ஷீட்

வயசு 42, ஒரே கம்பெனில 16 வருஷம், ரெண்டு வருஷமா "விட்டுறலாமா விட்டுறலாமா"ன்னு பொலம்பிட்டே இருந்ததுல வீட்ல இருக்கவங்களே ஒரு கட்டத்துல "ஒண்ணு விடு, இல்ல பேச்ச விடு"ன்னு சொல்லிட்டாங்க. அப்பதான் நடு வயசுல வேலை மாறுறவங்களுக்குன்னே ஆன்லைன்ல நடத்துற ஒரு கோச்சிங் சர்வீஸ்ல சேந்தேன். பேர் சொல்லல, ஏன்னா குறையும் நெறைய சொல்லப்போறேன். அஞ்சு செஷன், ஒவ்வொண்ணும் ஒரு மணி நேரம், ஃபீஸ் என் ஒரு வார சம்பளத்த விட கொஞ்சம் அதிகம்.

மொதல் செஷன் வேஸ்ட். ஒரு க்விஸ் குடுத்தாங்க, முப்பது கேள்வி, முடிச்சதும் கோச் ரொம்ப சீரியஸா "மேடம், உங்களுக்கு பர்ன்அவுட் இருக்கு, இது ஒரு நோய், இந்த வேலைய விட்டாதான் சரியாகும்"னாரு. எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு. நைட்டு உக்காந்து தேடிப் படிச்சா, 2019ல உலக சுகாதார நிறுவனம் தெளிவாவே சொல்லிருக்கு, பர்ன்அவுட் நோய் கணக்குல வராது, வேலையோட சம்பந்தப்பட்ட ஒரு நெலமைன்னு. மூணு அடையாளம் சொல்றாங்க, ஒடம்புலயும் மனசுலயும் தெம்பு வடிஞ்சு போறது, வேலை மேல கசப்பு வந்து ஒட்டாம போறது, நாம செய்றது எதுவும் உருப்படியா இல்லன்னு தோணுறது. எனக்கு மொதலாவது மட்டும்தான் பொருந்துச்சு. வேலை எனக்கு இப்பவும் புடிக்கும், நல்லாவும் செய்வேன். அப்ப எதுதான்யா என்ன இப்படி புழியுது?

அதுக்கு பதில் ரெண்டாவது செஷன்ல குடுத்த ஷீட்ல கெடச்சது. அவருக்கே அதோட அரும தெரியல, ஹோம்வொர்க் மாதிரி போறபோக்குல குடுத்தாரு. ஒரு நாளைக்கு அரைமணி நேரக் கட்டம் 48, வாரத்துக்கு 336. ரெண்டு வாரம் ஒவ்வொரு கட்டத்துக்கும் கலர் அடிக்கணும், வேலைக்கு செவப்பு, போக வர்ற நேரத்துக்கு மஞ்ச, தூக்கத்துக்கு நீலம், மத்ததெல்லாம் பச்ச. மூணாவது நாளே முழிச்சேன். ராத்திரி எட்டரைக்கு பொண்ணு பக்கத்துல உக்காந்திருக்கேன், ஆனா ஃபோன் கையில, மேனேஜர் எப்ப வேணா அந்த ரிப்போர்ட்ட கேப்பாரு, இது செவப்பா பச்சயா? வேலையும் செய்யல, சும்மாவும் இல்ல. நானே சாம்பல் கலர்னு ஒண்ணு சேத்து அதுக்கு "ரெண்டுங்கெட்டான்"னு பேர் வச்சேன்.

ரெண்டாவது வாரத்துக் கணக்க அப்படியே போடுறேன். ஆபீஸ் 44 மணி நேரம், போக வர 8, தூக்கம் 45, வீட்டு வேலையும் சொந்த நேரமும் சேத்து 52, ரெண்டுங்கெட்டான் 19. பத்தொம்பது! நான் என்னமோ ஆபீஸ்ல ரொம்ப நேரம் உக்காந்திருக்கேன், அதான் பிரச்சனைன்னு நெனச்சுட்டு இருந்தேன். 44ங்குறது ஒண்ணும் கொடும இல்லயே. இந்த 19தான் என்ன தின்னுச்சு, அதுல நெஜமா கால் வந்தது எத்தன தடவன்னு பாத்தா அந்த வாரம் நாலே தடவ. வருமோ வருமோன்னு காத்திருந்ததுலயே பாதி உயிர் போயிருக்கு. இது என் ஒருத்தியோட பொலம்பல் மட்டும் இல்லன்னும் தெரிஞ்சுது, வேலை நேரம் முடிஞ்சப்புறம் ஆபீஸ் மெசேஜுக்கு பதில் சொல்லாம இருக்குற உரிமைக்காக பிரான்ஸ்ல 2017லயும் ஆஸ்திரேலியாவுல 2024லயும் சட்டமே வந்திருக்கு.

அந்த ஷீட்டுக்கு மட்டும் அஞ்சுக்கு அஞ்சு குடுப்பேன்.

மூணாவது செஷன் பயங்காட்டுற செஷன். வாரத்துக்கு 55 மணி நேரத்துக்கு மேல வேலை பாத்தா பக்கவாதம் வரும்னு ஸ்லைடு. அந்த ஆராய்ச்சி உண்மைதான், உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேந்து 2021ல வெளியிட்டது, 35லேர்ந்து 40 மணி நேரம் வேலை பாக்குறவங்களோட ஒப்பிட்டா பக்கவாத ஆபத்து சுமார் 35 சதவீதம் கூட, இதய நோயால சாகுற ஆபத்து 17 சதவீதம் கூட. ஆனா கூடன்னு சொல்றதும் வரும்னு சொல்றதும் ஒண்ணா? அப்புறம் என் 44ஐயும் 19ஐயும் கூட்டி "பாருங்க மேடம் 63"ன்னு காட்டுறாரு. ரெண்டுங்கெட்டான் நேரம் வேலை இல்லன்னு நான் சொல்லல, அதுக்காக முழுசா வேலைன்னு தூக்கி அந்த 55 கூட வச்சு பேசுனா கணக்கு தப்பு.

இதுக்கு நடுவுல எனக்கு நெஜமாவே ஒரு ஆஃபர் வந்துச்சு. சம்பளம் 20 சதவீதம் அதிகம், வாரத்துக்கு 38 மணி நேரம்தான். போக வர மட்டும் 8 மணி நேரம் 15 ஆகும். இன்னொண்ணு, மூணு வாரத்துக்கு ஒரு வாரம் ஆன்-கால், அதாவது ராத்திரி பகல் எப்ப கூப்ட்டாலும் வேலைய எடுத்துப் பாக்கணும். கோச் குதிச்சாரு, "ஜாக்பாட் மேடம், யோசிக்காதீங்க"ன்னு. அவர் சைட்ல "வேலை மாறி ஜெயிச்சவங்க"ன்னு ஒரு பக்கமே இருக்கு, அதுல என் ஃபோட்டோ வேணும் போலன்னு எனக்கு ஒரு சந்தேகம், தப்பாவும் இருக்கலாம்.

நாலாவது செஷன்ல ஒரு நல்ல கணக்கு சொல்லிக்குடுத்தாரு, அத ஒத்துக்கணும். சம்பளத்த ஆபீஸ் நேரத்தால மட்டும் வகுக்காம, போக வர்றது, காத்திருக்குறது எல்லாத்தயும் கூட்டி வகுக்கணும். இப்போ என் சம்பளம் 100ன்னு வைங்க, 44ம் 8ம் 19ம் சேத்து 71, வகுத்தா 1.4. புது எடத்துல 120, அங்க 38ம் 15ம் சேத்து 53, ஆன்-கால் வாரத்துல இந்த 53ம் தூக்கம் 45ம் போக மிச்சம் இருக்குற 70 மணி நேரமும் ரெண்டுங்கெட்டான்தான், அத மூணு வாரத்துக்கு பிரிச்சா 23, ஆக 76. வகுத்தா கிட்டத்தட்ட 1.6. கணக்கு புது வேலைக்கு போன்னுதான் சொல்லுது!

ஆனா கணக்கு அந்த 70ஐ மூணா பிரிச்சு பரப்பி வச்சுருது, வாழுறப்ப யாராலயும் அப்படி பரப்ப முடியாது. மூணாவது வாரம்னா அந்த வாரம் முழுக்க பச்சையே கெடயாது. பொண்ணோட எந்த விசேஷம் அந்த வாரத்துல வந்து விழுமோ. அதோட 16 வருஷம் ஒரே எடத்துல இருந்ததுல சேத்து வச்ச பேரு எந்த ஆஃபர் லெட்டர்லயும் வராது, இப்ப நான் "பொண்ணுக்கு காய்ச்சல், கெளம்புறேன்"னு ஒரு வரி மெசேஜ் போட்டா போதும், புது எடத்துல ஆறு மாசம் ப்ரொபேஷன், அங்க அப்படி கெளம்ப முடியுமா? இதப்பத்தி கோச் ஒரு வார்த்த பேசல. நடு வயசுல மாறுறவங்களுக்குன்னு சொல்லி நடத்துற சர்வீஸ், இதுதானே மொதல்ல பேசணும்?

அவர் குடுத்த இன்டர்வியூ கேள்வி லிஸ்ட்டும் சப்புன்னு இருந்துச்சு, "உங்கள் நிறுவனத்தில் பணிச்சூழல் எப்படி"ன்னு கேட்டா எவன் மோசம்னு சொல்லுவான். நான் அந்த டீம்ல ஏற்கனவே இருக்குறவர்ட்ட தனியா பேசணும்னு கேட்டு வாங்கி, "போன ஆன்-கால் வாரத்துல ராத்திரி எத்தன தடவ எழுப்புனாங்க சார்?"னு கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, அப்புறம் சிரிச்சாரு. "எண்ணல மேடம்"னாரு. எனக்கு அது போதும்.

அஞ்சாவது செஷன்ல கோச் கடைசி அஸ்திரத்த எடுத்தாரு. ஸ்டீவன் லெவிட்னு ஒரு அமெரிக்க பொருளாதார ஆள் ஆயிரக்கணக்கான பேர காசு சுண்ட வச்சு முடிவெடுக்கச் சொன்னாராம், மாறுன்னு காசு சொல்லி மாறுனவங்க ஆறு மாசம் கழிச்சு சந்தோஷமா இருந்தாங்களாம். ஆராய்ச்சி நல்லாதான் இருக்கு, ஆனா அதுல தானா வந்து சேந்தவங்க எல்லாம் முடிவெடுக்க முடியாம மதில் மேல பூனையா இருந்தவங்க, வேலை மட்டுமில்லாம வேற வேற முடிவும் அதுல இருந்துச்சு. நான் அந்த சிரிப்ப கேட்டப்பவே மதில்லேர்ந்து எறங்கிட்டேன்.

ஆஃபர வேணாம்னுட்டேன். கலர் அடிச்ச ஷீட்ட எடுத்துட்டு போய் இப்ப இருக்குற மேனேஜர்ட்டயே காட்டுனேன், "சார், வாரத்துல மூணு நாள் ராத்திரி எட்டுக்கு மேல என்ன தேடாதீங்க, அந்த மூணு நாள் வேற யாராவது பாக்கட்டும்"னு. மொகம் சுருங்குச்சு, ரெண்டு நாளுக்கு ஒத்துக்கிட்டாரு. போன வாரம் ரெண்டுங்கெட்டான் 19லேர்ந்து 11க்கு எறங்கிருக்கு. அதுலயும் மொத ஒரு வாரம் நானே பழக்கதோஷத்துல ஃபோன எடுத்து எடுத்து பாத்தேன், அதுக்கு மேனேஜர கொற சொல்ல முடியாது.

சர்வீஸுக்கு அஞ்சுக்கு ரெண்டரை. ஷீட்டும் அந்த வகுத்தல் கணக்கும் இல்லன்னா ஒண்ணுதான். வேலையே புடிக்காம போனவங்களுக்கு அவர் தள்ளுற தள்ளு உதவலாம், என்ன மாதிரி வேலை புடிச்சு நேரம் புடிக்காதவங்க ஒரு நோட்டுல 336 கட்டம் போட்டு அஞ்சு கலர் பென்சில் வாங்குனா போதும். மேனேஜர் குடுத்த ரெண்டு நாள் எத்தன மாசம் தாங்குமோ தெரியல, ரெஸ்யூமே அப்டேட் பண்ணிதான் வச்சிருக்கேன்.