சேலத்தில் நான்கு வருடம் பறந்த மஸ்கிட்டோ: பசையும் பற்றவைப்பும்

போன ஞாயிறு காலையோடு என் மாடல் விமானத்துக்கு 143 பறப்பு முடிந்தது. ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்: தேதி, காற்று, எத்தனை நிமிடம், பேட்டரியில் திரும்ப எவ்வளவு ஏறியது, என்ன உடைந்தது. கடையில் வாங்கிய ரெடிமேட் விமானம் இல்லை. வரைபடத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு துண்டாக வெட்டி ஒட்டி நானே கட்டிய டி ஹாவிலண்ட் மஸ்கிட்டோ, அதாவது இரண்டாம் உலகப் போர்க்காலத்து பிரிட்டிஷ் விமானம் ஒன்றின் சிறு வடிவம், ரேடியோவில் ஓட்டுவது. இரட்டை எஞ்சின் போர் விமானம் ஒன்றைச் சொந்தமாகக் கட்டலாமா என்று யோசிக்கும் நம்மூர்க்காரர்களுக்காக அந்த நோட்டைப் பார்த்து இதை எழுதுகிறேன். முதல் மாதத்தில் எழுதியிருந்தால் மோட்டாரைப் பற்றியும் பெயிண்டைப் பற்றியும் எழுதியிருப்பேன். இப்போது எழுத வருவது பெரும்பாலும் பசையும் ஈயப் பற்றவைப்பும்தான்.

மஸ்கிட்டோவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அசலே மரத்தால் ஆனது. 1940 நவம்பர் 25 அன்று முதலில் பறந்தது. போர்க்காலத்தில் உலோகத்தைச் சேமிக்க மரத்தில் கட்டினார்கள்; நாற்காலி மேசை செய்த பட்டறைகளுக்கெல்லாம் அதில் வேலை கிடைத்தது. உடலின் தோல் மூன்று அடுக்கு: வெளியிலும் உள்ளேயும் பிர்ச் பிளைவுட், நடுவில் ஈக்வடாரிலிருந்து வந்த பால்சா என்ற மிக லேசான மரம். நாம் மாடல் கட்ட வாங்கும் அதே பால்சா. இரண்டு மெர்லின் எஞ்சின், இரண்டே பேர் குழு. இப்படி 7,700-க்கும் மேல் கட்டியிருக்கிறார்கள். மரத்தில் மாடல் கட்டுகிறவனுக்கு இதைவிட நெருக்கமான விமானம் கிடையாது என்று எனக்குத் தோன்றியது. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அசலின் இறக்கை நீளம் 16.51 மீட்டர். அதில் 12-இல் ஒரு பங்கு எடுத்தேன், 137.6 செ.மீ. வந்தது. இறக்கைப் பரப்பு 29 சதுர டெசிமீட்டரை ஒட்டி வரும். கட்டிக்கொண்டிருக்கும்போதே, 2021 ஆகஸ்டில், டிரோன் விதிகள் வந்தன. 2 கிலோவுக்குள் இருந்து, வியாபாரத்துக்கு இல்லாமல் ஓட்டினால் பைலட் உரிமம் தேவையில்லை என்று இருந்தது. அதனால் 2 கிலோவை எல்லையாக வைத்து ஒவ்வொரு துண்டையும் தராசில் போட்டேன். முதல் பறப்பில் பேட்டரியோடு 1,740 கிராம். இன்று 1,860. கூடிய 120 கிராமுக்கும் ஒரு கதை உண்டு, கீழே வருகிறது.

ஃபிளெக்ஸ் பேனர் கடைகளில் கிடைக்கும் சன்போர்டில் கட்டலாமே என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். இந்த அளவுக்கு வேண்டாம். அது பிவிசி, பார்க்க லேசாகத் தெரியும், எடை ஏறிவிடும். நான் இறக்கைக்கு உள்ளே வடிவம் கொடுக்கும் குறுக்குத் துண்டுகளான விலா எலும்புகளுக்கு மெல்லிய பிளைவுட்டும் தோலுக்கு 2.5 மி.மீ. பால்சாவும் போட்டேன். பால்சா சேலத்தில் கிடைக்கவில்லை, வெளியூரிலிருந்து வரவழைத்தேன். உடலை அசல் தொழிற்சாலை முறையிலேயே இடது, வலது என்று இரண்டு பாதியாகக் கட்டினேன். அவர்களும் இரண்டு பாதியாகச் செய்து, உள்ளே கேபிள், குழாய் எல்லாம் பொருத்திய பிறகே ஒன்றாக ஒட்டினார்கள். இது சும்மா பழமைக்காகச் செய்ததில்லை. சர்வோ (வால் மடல்களை அசைக்கும் சின்ன மோட்டார்) கம்பிகள், வால் பக்கம் போகும் குழாய் எல்லாவற்றையும் மேசைமேல் படுக்கவைத்து நிதானமாகப் பொருத்த முடிந்தது. மூடிய உடலுக்குள் கையை விட்டுத் தேடியிருந்தால் பாதி வேலை அரைகுறையாகத்தான் முடிந்திருக்கும்.

வாலை மட்டும் எவ்வளவு லேசாக முடியுமோ அவ்வளவு லேசாகச் செய்யுங்கள். மஸ்கிட்டோவுக்கு மூக்கு குட்டை, வால் நீளம். வாலில் ஒரு கிராம் கூடினால் மூக்கில் ஏறக்குறைய மூன்று கிராம் ஈயம் வைக்க வேண்டி வரும். என் எடைமையம், முன்விளிம்பிலிருந்து சராசரி இறக்கை அகலத்தில் 27 சதவீதத்தில் இருக்கிறது. பேட்டரியை மூக்கின் கடைசிவரை தள்ளித்தான் அது கிடைத்தது.

இனி பசைக்கு வருகிறேன். முதல் கட்டுமானம் முழுக்கத் தண்ணீரில் கரையும் சாதாரண வெள்ளை மரப்பசை. உலர்ந்தால் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். சேலம் வெயிலில் எட்டு மாதம் ஒரு குறையும் இல்லை. 2022 ஐப்பசியில் வீட்டில் மராமத்து வேலை நடந்ததால் விமானத்தை ஏற்காட்டில் மாமா வீட்டு மாடி அறையில் வைத்தேன். காப்பித் தோட்டத்துக்குள் இருக்கும் வீடு. மழை, அது விட்டால் மூடுபனி, ஜன்னல் கண்ணாடியில் எந்நேரமும் நீர்த்துளி. இரண்டு மாதம் கழித்துப் போய் எடுத்தபோது வெளியே எந்த வித்தியாசமும் இல்லை. இறக்கை நுனியைப் பிடித்து லேசாக முறுக்கினேன், உள்ளிருந்து கிறீச் என்று ஒரு சத்தம். கீழ்த்தோலை ஒரு கட்டம் வெட்டித் திறந்தேன். விலா எலும்பும், இறக்கை நெடுக ஓடும் முதுகுச் சட்டமும் சேரும் இடத்தில் பசை வெளுத்து, நகத்தால் சுரண்டினால் பாலாடை மாதிரி வந்தது. இரண்டு இடத்தில் இணைப்பே இல்லை. அப்படியே பறக்கவிட்டிருந்தால் முதல் திருப்பத்திலேயே இறக்கை மடிந்திருக்கும்.

அன்றைக்கு எனக்கு அசல் மஸ்கிட்டோவின் வரலாறு ஞாபகம் வந்தது. 1944-இல் பர்மா போர்முனைக்காக இந்தியாவுக்கு வந்த மஸ்கிட்டோக்களில் சில, இறக்கை பிய்ந்து விழுந்தன. அந்த நவம்பரில் இங்கே இருந்தவற்றைத் தரையிலேயே நிறுத்திச் சோதித்தார்கள். வெப்பமும் ஈரமும்தான் காரணம் என்று ஒரு தரப்பு சொன்னது. தொழிற்சாலையில் ஒட்டும்போதே துண்டுகள் சரியாகப் பொருந்தாமல் இடைவெளி விட்டிருக்கிறது என்றும் விசாரணையில் வந்தது. ஆரம்பத்தில் அவர்கள் போட்டது பாலிலிருந்து எடுக்கும் கேசீன் பசை. ஈரத்தில் அது தளரும், பூஞ்சையும் பிடிக்கும். பிறகு ஃபார்மால்டிஹைடு வகைச் செயற்கைப் பசைக்கு மாறினார்கள். என் இறக்கையிலும் இந்த இரண்டு காரணமும் சேர்ந்தே இருந்தது. விட்டுப்போன அந்த இரண்டு இடத்திலும் விலா எலும்பை ஒரு மில்லிமீட்டர் குட்டையாக வெட்டி, இடைவெளியைப் பசையால் நிரப்பியிருந்தேன். நன்றாகப் பொருந்திய இணைப்புகள் ஈரத்திலும் ஓரளவு தாங்கியிருந்தன.

இறக்கையைப் புதிதாகவே கட்டினேன். சுமை தாங்கும் இணைப்புகளுக்கு மெதுவாக இறுகும் எப்பாக்ஸி, மற்ற இடங்களுக்குத் தண்ணீர் தாங்கும் பாலியூரிதேன் பசை. இடைவெளி இருந்தால் பசையால் நிரப்பாமல் பால்சா சீவலைச் செருகி ஒட்டினேன். முன்பு மேலே ஒட்டியிருந்த டிஷ்யூ காகிதத்தை எடுத்துவிட்டு மெல்லிய கண்ணாடி இழைத் துணியை எப்பாக்ஸியில் போர்த்தினேன். அந்த 120 கிராம் இதுதான். மூன்று மழைக்காலம் தாண்டிவிட்டது, இன்றுவரை ஒரு இணைப்பும் கிறீச்சிடவில்லை. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வேகமாக இறங்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான் இழப்பு.

மோட்டார் விஷயத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். 2212 அளவு, 1000 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 1000 சுற்று) மோட்டார் இரண்டு, மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 30 ஆம்பியர் இஎஸ்சி இரண்டு, மூன்று செல் 3300 mAh லிப்போ பேட்டரி ஒன்று. ஆறு நிமிடத்துக்கு டைமர் வைத்து ஓட்டுகிறேன். இரண்டு இஎஸ்சியிலிருந்தும் விமானத்தில் உள்ள ரேடியோ ரிசீவருக்கு மின்சாரம் கொடுக்காதீர்கள்; ஒன்றின் சிவப்பு ஒயரைக் கழற்றிவிடுங்கள், அல்லது என்னைப்போல் இரண்டையும் கழற்றிவிட்டுத் தனியாக ஒரு பெக் (பேட்டரி வோல்ட்டைக் குறைத்து ரிசீவருக்குக் கொடுக்கும் சின்னக் கருவி, BEC) போடுங்கள். இரண்டு இஎஸ்சிக்கும் த்ராட்டில் (வேகத்தை ஏற்றி இறக்கும் குச்சி) எல்லையை ஒரே நேரத்தில் பழக்க வேண்டும். இதை விட்டால் ஒன்று முந்தி எழும், மற்றது பிந்தும், ஓடுபாதையிலேயே விமானம் திரும்பிவிடும்.

அசல் மஸ்கிட்டோவில் இரண்டு எஞ்சினும் ஒரே பக்கம் சுற்றும். அதனால் மேலெழும்போது இடப்பக்கம் இழுக்கும், பைலட்டுகள் அதை எதிர்த்துத்தான் ஓட்டினார்கள். இந்த விஷயத்தில் நான் அசலைப் பின்பற்றவில்லை. ஒரு மோட்டாரின் மூன்று ஒயரில் ஏதாவது இரண்டை மாற்றிச் சொருகினால் எதிர்ப்பக்கம் சுற்றும். அதற்கேற்ற எதிர்த்திசை விசிறியும் வேண்டும். கூடவே எதிர்மரை நட்டும் வாங்குங்கள். சாதாரண நட்டைப் போட்டால் சுற்றச் சுற்ற அது தானே தளர்ந்து கழன்றுவிடும். ஒன்பதாவது பறப்பில் வலப்பக்க விசிறி தரையிலேயே கழன்று புல்லில் போய் விழுந்தது. மேலே போனபின் கழன்றிருந்தால் என்ன ஆகியிருக்குமோ.

61-ஆவது பறப்பு, 2023 ஆனி மாதம். இறங்க வரும்போது ஆட்டு மந்தை ஒன்று குறுக்கே வந்தது. மறுபடி ஏற்றலாம் என்று த்ராட்டிலை முழுக்கத் தள்ளினேன். வலது மோட்டார் முழு வேகத்தில் எழுந்தது, இடது திக்கித் திக்கி நின்றது. வேகம் குறைந்திருந்த விமானம் இடப்பக்கமாகச் சுருண்டு மூக்கால் குத்தியது. மூக்கு போனது, இடது எஞ்சின் கூண்டு போனது, மூன்று மாத வேலை. இரட்டை எஞ்சின் ஓட்டுகிறவர்கள் இதை மட்டும் கைக்குப் பழக்கிக்கொள்ளுங்கள்: சத்தம் ஒரு பக்கம் மாறினால் உடனே இரண்டையும் குறைத்துவிட்டு, எதிரில் என்ன இருக்கிறதோ அதிலேயே இறங்குங்கள். த்ராட்டிலை ஏற்றினால் ஓடுகிற மோட்டார்தான் விமானத்தைக் கவிழ்க்கும்.

காரணம் பிறகு தெரிந்தது. இடது மோட்டாரின் மூன்று ஒயரில் ஒன்று, இணைப்புக் குமிழிலிருந்து சுத்தமாக உருவிக்கொண்டு வந்திருந்தது. நானே பற்றவைத்த இணைப்பு. எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார், அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஈயத்தை உருக்கி மேல ஊத்தியிருக்கீங்க தம்பி. கம்பி சூடாகவே இல்லை. சூடு எங்க இருக்கோ அங்கதான் உருகினது ஓடும்."

ஊதுகுழலால் ஒரு கொலுசு வளையத்தில் செய்தே காட்டினார். தீயைப் பற்றுப் பொருளின்மேல் காட்டவே இல்லை. வளையத்தைச் சுற்றிச் சூடாக்கினார். அது நிறம் மாறியதும் பற்று தானாக ஓடி இடுக்குக்குள் இறங்கியது. "அப்புறம் இழுத்துப் பாக்கணும். இழுத்துப் பாக்காம எதையும் வெளிய விடறதில்லைங்க" என்றார். அவர் வேலைக்கு வெங்காரம், நம் ஒயருக்கு ரோசின் ஃப்ளக்ஸ், வித்தியாசம் அவ்வளவுதான். 60 வாட் இரும்பு வாங்கி, பன்னிரண்டு இணைப்பையும் கம்பியைச் சூடாக்கிப் புதிதாகப் பற்றவைத்தேன். ஒவ்வொன்றையும் குறடால் பிடித்து இழுத்தேன், இரண்டு வந்துவிட்டது, திரும்பச் செய்தேன். அதற்குப் பிறகு 82 பறப்பில் மோட்டார் ஒருமுறைகூட நின்றதில்லை. அந்த அண்ணனுக்கு இந்த விமானத்தில் பெரிய பங்கு உண்டு.

பெயிண்ட் வெள்ளி நிறம். நம் பக்கத்துப் போர்முனையில் மஸ்கிட்டோக்களுக்கு வெயிலைத் திருப்ப வெள்ளி நிறம் பூசி, இறக்கையிலும் வாலிலும் கரும்பட்டை போட்டிருந்தார்கள். ஜப்பானிய அடையாளத்தோடு குழம்பாமல் இருக்க பிரிட்டிஷ் அடையாள வட்டத்தில் சிவப்பையும் நீக்கியிருந்தார்கள். அழகுக்காகத்தான் இதைப் போட்டேன், பயன் பிறகுதான் புரிந்தது. சித்திரை வெயிலில் கை வைக்க முடிகிறது. வெறும் வெள்ளி, வெளுத்த வானத்தில் கரைந்துவிடும். விமானம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை அந்தக் கரும்பட்டைதான் காட்டுகிறது.

ஓட்டுவது பனமரத்துப்பட்டிப் பக்கம் தெரிந்தவர் ஒருவரின் தரிசில், அவர் சம்மதத்தோடு. காமலாபுரம் விமான நிலையம் ஊருக்கு அந்தக் கோடியில் இருக்கிறது. இருந்தாலும் எங்கே டிரோன் பறக்கலாம் என்பதை நிறத்தில் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் இடத்தின் நிறத்தைப் பார்க்காமல் கிளம்புவதில்லை. காலை ஆறரையிலிருந்து எட்டு வரைதான். அதற்குமேல் தரைச்சூடு எழும்பி விமானத்தைத் தூக்கிப் போடும். ஆடி மாதத்தை நோட்டில் காலியாகவே விட்டுவிடுகிறேன். சக்கரம் சிறியதாக இருந்தால் கட்டி தட்டிய மண்ணில் மூக்குக் குத்தும். 90 மி.மீ. சக்கரம் போட்டேன், பார்க்கக் கொஞ்சம் பெரிதாகத் தெரிகிறது, எனக்கு அது பரவாயில்லை. வேகம் குறையும்போது ஒரு பக்கம் திடீரெனச் சாயாமல் இருக்க, இறக்கை நுனிகளை இரண்டரை டிகிரி கீழ்நோக்கி முறுக்கி வைத்திருக்கிறேன். அப்படியும் மோட்டாரை முழுக்க அணைத்துவிட்டு இறக்க முடியாது. கால் த்ராட்டிலோடு, தரையைத் தொடும்வரை வேகத்தைப் பிடித்தே வர வேண்டும்.

இதுவரை மாற்றியவை: பேட்டரி மூன்று முறை, இரண்டு உப்பிப்போனது, இரண்டுமே கோடையில் முழுசாகச் சார்ஜ் செய்து வைத்திருந்தது. இப்போது செல்லுக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்தி மண்பானையில் வைக்கிறேன். வாலில் இரண்டு சர்வோ, விசிறி பதினான்கு. செலவு முதல் கட்டுமானத்துக்கு 19,000 ரூபாய், அதன்பிறகு ஏறக்குறைய அதே அளவு.

வலது மோட்டாரின் பேரிங் லேசாக உறுமுகிறது. இந்த வாரம் கழற்றி மாற்ற வேண்டும். அப்போதே இறக்கையின் கீழே விட்டு வைத்திருக்கும் சின்னக் கதவைத் திறந்து, டார்ச் அடித்து, எல்லா இணைப்பையும் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிடுவேன்.