அம்மாவின் கைக்கு ஏற்ற பிடி: ஆக்ஸோ குட் கிரிப்ஸ் பீலர்

எங்கள் வீட்டுப் பழைய ஸ்டீல் பீலரின் பிடியில் அப்பாவின் வேட்டித் துண்டு ஒன்று சுற்றியிருக்கும். சுற்றியது அம்மா. மூட்டுவாதத்தில் விரல்கள் சரியாக மடங்காமல் போனபோது அவரே செய்துகொண்ட ஏற்பாடு. நாங்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. "விடும்மா, நான் சீவுறேன்" என்று உருளைக்கிழங்கை வாங்கி வைத்துக்கொள்வதுதான் பாசம் என்றிருந்தோம்.

"பிடி தடிமனா இருந்தா நானே சீவிடுவேன்டா" என்று ஒருநாள் அம்மா சொன்ன பிறகுதான் ஆக்ஸோ குட் கிரிப்ஸ் பீலரை வாங்கினேன். நான்கு மாதம் ஆகிறது.

பிடி கறுப்பு ரப்பர், நல்ல பருமன். உருண்டையாக இல்லாமல் நீள்வட்டமாக இருப்பதால் ஈரக் கையிலும் சுழன்று போகாது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் படும் இடத்தில் மெல்லிய மடிப்புகள், அழுத்தினால் அமுங்கும். சைக்கிள் கைப்பிடியைப் பார்த்து வந்த யோசனையாம். அம்மா இப்போது பிடியை இறுக்குவதே இல்லை, சும்மா பிடித்தபடி இழுக்கிறார். கேரட் தோல் ஒரே நாடாவாக வருகிறது.

இதன் பிறப்பும் ஒரு வீட்டுச் சமையலறையில்தான். ஆக்ஸோ நிறுவனத்தைத் தொடங்கிய அமெரிக்கரான சாம் ஃபார்பரின் மனைவி பெட்ஸிக்கும் கைமூட்டு வலி. ஆப்பிள் தோல் சீவ அவர் பட்ட சிரமத்தைப் பார்த்தவர், கோளாறு கையில் இல்லை, கருவியில்தான் என்று யோசித்தார். 1990இல் கடைக்கு வந்தபோது அதை நோயாளிகளுக்கான சாமானாக விற்கவில்லை; வலிக்கிற கைக்குச் சுலபமானது எல்லாக் கைக்கும் சுலபம்தானே. என் பத்து வயது மகளும் இதைத்தான் எடுக்கிறாள்.

அப்புறம், இவர்களுடைய சாய்வு அளவுக் கோப்பையும் வாங்கினேன். அளவுக் கோப்பையில் என்ன குறை என்று மக்களைக் கேட்டபோது உடைகிறது, எண்ணெய்க் கையில் வழுக்குகிறது என்றார்களாம். ஊற்றிவிட்டுக் குனிந்து பார்ப்பதை ஒருவரும் சொல்லவில்லை, அவ்வளவு பழகிவிட்டது. பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் அது தெரிந்தது. இதில் அளவுக் கோடுகள் உள்ளே சரிவில் இருப்பதால், நின்றபடி மேலிருந்தே படிக்கலாம். இடுப்புவலிக்காரர்களுக்குக் கட்டாயம் சொல்வேன்.

விலை சாதாரண பீலரைவிடப் பல மடங்குதான். நேர் வடிவம், ஒய் வடிவம் என்று இரண்டு வருகின்றன. அம்மாவுக்கு நேர் வடிவம்தான் வாகாக இருக்கிறது. முடிந்தால் சீவப்போகிறவர் கையிலேயே கொடுத்துப் பார்த்து வாங்குங்கள்.