மகனின் பள்ளிக்கூடத்தில் நடந்த மனவுறுதி வகுப்பு: நல்லது, ஆனால் ஒரு தவணை போதாது

யாழ்ப்பாணம் வலிகாமத்தில் பிரதேச சபை நூலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். மகன் தரம் 9. போன தவணை முழுக்க அவனுடைய பள்ளிக்கூடத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தின் உதவியோடு மனவுறுதி வகுப்பு நடந்தது. பெடியள் அடிதடிக்குப் போகாமல் பார்ப்பதும், மனம் நொந்த பிள்ளை எழும்பி நிற்கப் பழக்குவதும் அதன் நோக்கம். தங்கள் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்திலும் இதைத் தொடங்கலாமா என்று நூலகத்துக்கு வரும் தாய்மார் கேட்கிறார்கள். கட்டாயம் கேட்டு வாங்குங்கள். யார் நடத்துவது, எத்தனை கிழமை நடத்துவது என்பதை மட்டும் முதலில் விசாரியுங்கள்.

முந்தி வந்தவை எல்லாம் மண்டபக் கூட்டங்கள். பிள்ளைகளை வெயிலுக்குள் இருத்தி, வாள்வெட்டுக் காயங்களைத் திரையில் காட்டி, பதாகையோடு படம் எடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். பயங்காட்டிப் பேசிவிட்டுப் போவதால் பிள்ளையின் நடத்தை மாறுவதில்லை. அமெரிக்காவில் 1983இல் பொலிஸாரை வகுப்புக்கு அனுப்பித் தொடங்கிய டெயார் என்ற போதைத் தடுப்புத் திட்டத்தைப் பல வருடம் ஆராய்ந்தவர்களும், அதனால் பாவனை சொல்லத்தக்க அளவு குறையவில்லை என்றுதான் கண்டார்கள்.

இந்த வகுப்பை நடத்தியது வெளியாள் இல்லை, அவர்களுடைய வகுப்பாசிரியைதான். நிறுவனம் அவவுக்குப் பயிற்சி கொடுத்தது. கிழமைக்கு ஒரு பாடவேளை, கதிரைகளை வட்டமாகப் போட்டு இருப்பார்கள். கோபம் வரும்போது உடம்பில் முதலில் எங்கே தெரிகிறது என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். ஒருவனுக்குக் காது சூடாகும், இன்னொருவனுக்குக் கை குளிரும். என் மகனுக்குத் தொண்டை இறுகுமாம். பெத்து வளர்த்த எனக்கு அது இவ்வளவு நாளும் தெரியாது.

எனக்கு மிகவும் பிடித்தது சைக்கிள் நிறுத்துமிடத்துக் காட்சி. ஒருவன் மற்றவனின் சைக்கிள் காற்றைத் திறந்துவிடுகிறான், சண்டை தொடங்குகிறது. அதை நடிக்க விட்டு ரீச்சர் கூடுதலாகக் கதைத்தது சண்டை பிடித்த இருவரோடும் இல்லை, சுற்றி நின்று கூக்குரல் போட்டவர்களோடு. "நீங்கள் சிரிக்காமல் விட்டிருந்தால் அவன் கை ஓங்கியிருப்பானா?" என்று கேட்டாவாம். பின்லாந்துப் பள்ளிக்கூடங்களில் நடக்கும் கீவா திட்டமும் பார்த்து நிற்கும் பிள்ளைகளை மாற்றுவதில்தான் கூடிய கவனம் வைக்கிறது.

ரியூசன் விட்டு வரும்போது சந்தியில் நிற்கும் அண்ணைமார் "ஏறடா, ஒரு இடத்துக்குப் போட்டு வருவம்" என்று மோட்டார் சைக்கிளைக் காட்டினால் என்ன சொல்வது? பிள்ளை வாள்வெட்டுக் குழுவோடு சேர்ந்துவிடுமோ என்ற பயம் இந்த ஊரில் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு விளங்கும். முடியாது என்று நேரே சொல்லச் சொன்னால் எந்தப் பெடியனும் சொல்ல மாட்டான், வெட்கமும் பயமும் விடாது. அதனால் மறுமொழியைப் பிள்ளைகளே யோசித்து, வாய்விட்டுச் சொல்லிப் பழகினார்கள். மகன் தெரிந்தெடுத்தது, "அம்மா படலையடியில நிப்பா, நான் வெளிக்கிடுறன் அண்ணை." என்னைச் சாட்டுச் சொல்லட்டும், எனக்கு அது சந்தோஷம்.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு நாள் மனதை வருத்திய சம்பவத்தைப் படமாக வரையச் சொன்னார்கள். வீட்டில் அடிதடி பார்க்கும் ஒரு பெண் பிள்ளை அழத் தொடங்கி, அந்த நாள் முழுக்க அழுதிருக்கிறாள். பிறகு அவளோடு தனியே கதைக்க ஒருவரையும் ஒழுங்கு செய்யவில்லை. இலங்கையின் வடக்கில் இப்படியான பள்ளிக்கூட வகுப்பு ஒன்றை 399 பிள்ளைகளோடு நடத்திப் பார்த்து 2012இல் வெளியான ஒரு ஆய்வு இதை முன்னமே காட்டியிருக்கிறது. 5 கிழமையில் 15 அமர்வுகள். பிள்ளைகளின் முரட்டு நடத்தை குறைந்தது. மன அதிர்ச்சியின் அறிகுறிகள் பெடியளுக்குக் குறைந்தன, வகுப்புக்குப் போன பெண் பிள்ளைகளுக்கோ போகாதவர்களை விடக் குறைவாகத்தான் தணிந்தன. போரின் நெருக்கடி இன்னும் தொடர்ந்த பிள்ளைகளுக்கும் பலன் குறைவு. அப்படியென்றால் எல்லாரையும் ஒரே வட்டத்தில் இருத்தி ஒரே படத்தை வரையச் சொல்லலாமா? அழும் பிள்ளையை யாரிடம் அனுப்புவது என்பது வகுப்பு தொடங்க முன்னமே முடிவாகியிருக்க வேண்டும்.

பிரம்பு அடுத்த குறை. கல்வி அமைச்சின் 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றறிக்கையே பள்ளிக்கூடத்தில் உடல் தண்டனையைத் தடை செய்துவிட்டது. கோபத்தை ஆற்றப் பழகிய அதே நாளில் இன்னொரு பாடத்தில் உள்ளங்கை சிவக்க வாங்கிக்கொண்டு வந்தால் பிள்ளை எதை நம்புவது? வகுப்பாசிரியைக்கு மட்டும் பயிற்சி கொடுத்தால் காணாது, மற்ற ஆசிரியர்களுக்கும் வேண்டும்.

பெற்றோர் கூட்டத்தை வேலை நாளில் மத்தியானம் 2 மணிக்கு வைத்தார்கள். தாய்மார் மட்டும் வந்தோம். 1995இல் போரால் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்ட இடப்பெயர்வில் நாவற்குழிப் பாலத்தால் நடந்த பிள்ளைகள்தான் இன்றைக்குத் தாய் தகப்பன். எங்கள் வீடுகளில் ஏன் இவ்வளவு சத்தம் என்று தகப்பன்மாரும் இருந்து கதைத்திருக்க வேண்டிய இடம் அது.

கட்டணம் இல்லை. பிள்ளைகளின் கொப்பியில் 1929 சிறுவர் உதவி இலக்கத்தையும் 1926 மனநல இலக்கத்தையும் எழுத வைத்தது நல்ல வேலை. அடுத்த முறை இரண்டு தவணைக்கு நடத்தச் சொல்லி அபிவிருத்திச் சங்கத்தில் கேட்டிருக்கிறோம். பெற்றோர் கூட்டத்தை ஞாயிறு பின்னேரம் வைக்க அதிபர் சம்மதித்துவிட்டார். அடுத்த முறை இந்த வகுப்புக்கு வரப்போகும் தரம் 8 பிள்ளைகளின் தாய்மாரே, தகப்பன்மாரைக் கையோடு கூட்டிக்கொண்டு வாருங்கள்.