விமானப்படை ரிசர்வில் பைலட் இடம் வாங்கித் தருவதாகச் சொல்பவர்களிடம் ஏமாறாதீர்கள்: எங்களுக்குப் போனது 4,200 டாலர்

அமெரிக்காவில் வாழும் தமிழ்ப் பெற்றோர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் மகனோ மகளோ ஏர் நேஷனல் கார்டு அல்லது விமானப்படை ரிசர்வ் என்ற பகுதிநேர விமானப்படைகள் வழியாக ராணுவ விமானி ஆக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தால், தயவுசெய்து கடைசி வரை படியுங்கள். எங்களிடமிருந்து 4,200 டாலரைப் பறித்துக்கொண்டு, நேற்று எங்கள் கணக்கையே தங்கள் தளத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். ஆத்திரம் அடங்கட்டும் என்று காத்திருந்தால் எழுதவே மாட்டேன். அதனால் இப்போதே எழுதுகிறேன்.

பெயரைச் சொல்லவில்லை. வங்கியில் புகார் நிலுவையில் இருக்கும்வரை சொல்ல வேண்டாம் என்று கணவர் கேட்டுக்கொண்டார். ராணுவ வேலைக்கு, குறிப்பாக விமானி பணிக்கு, விண்ணப்பம் தயாரித்துத் தருவதாக விளம்பரம் செய்யும் ஒரு இணைய ஆலோசனை நிறுவனம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்டவர்கள் ஒருவர் இருவர் அல்ல.

முதலில் இந்த வழி எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். அது தெரியாத குடும்பங்களைத்தான் இவர்கள் குறிவைக்கிறார்கள். முழுநேர விமானப்படையில் சேர்ந்தால் நீங்கள் எந்த விமானத்தை ஓட்டுவீர்கள், எந்த ஊரில் இருப்பீர்கள் என்பதைப் படைதான் முடிவு செய்யும். நேஷனல் கார்டிலும் ரிசர்விலும் அப்படி இல்லை. அந்தந்தப் படைப்பிரிவே தனக்கு வேண்டிய விமானிகளைத் தேர்ந்தெடுக்கிறது. எஃப்-16 போர் விமானம் வைத்திருக்கும் பிரிவு எஃப்-16 ஓட்ட ஆள் எடுக்கும். சி-130 சரக்கு விமானம் வைத்திருக்கும் பிரிவு சி-130க்கு எடுக்கும். எங்கள் நியூ ஜெர்சியிலேயே அட்லாண்டிக் சிட்டியில் எஃப்-16 பிரிவு இருக்கிறது. பிரிவு தேர்ந்தெடுத்தவரை அலபாமாவில் உள்ள மேக்ஸ்வெல் தளத்துக்கு அதிகாரிப் பயிற்சிக்கு அனுப்புவார்கள். பிறகு மிசிசிப்பியில் கொலம்பஸ், டெக்சஸில் லாஃப்லின், ஓக்லஹோமாவில் வான்ஸ் போன்ற தளங்களில் ஏறக்குறைய ஓராண்டு விமானப் பயிற்சி. அது முடிந்ததிலிருந்து பத்து ஆண்டுகள் பணியாற்ற வேண்டும். இத்தனையையும் அரசு தன் செலவில் தருகிறது. அதனால்தான் விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களுக்கு ஏராளமான பேர் போட்டியிடுகிறார்கள். இடைத்தரகர் முளைப்பதும் இங்கேதான்.

என் மகள் இங்கேயே பிறந்தவள். விண்வெளிப் பொறியியல் படித்தாள். கல்லூரி நாட்களில் ஒரு சிறிய விமான நிலையத்தின் வரவேற்பு மேசையில் வேலை செய்து, அந்தச் சம்பளத்திலேயே பறக்கக் கற்று, தனியார் விமானி உரிமமும் வாங்கிவிட்டாள். விமானப்படையின் அதிகாரி தகுதித் தேர்வை எழுதினாள். ஜாய்ஸ்டிக்கும் கால் பெடலும் வைத்து நடத்தும் டிபாஸ் தேர்வையும் முடித்தாள். இந்த இரண்டையும் பறந்த மணிநேரத்தையும் சேர்த்து பி.சி.எஸ்.எம். என்று ஒரு மதிப்பெண் தருகிறார்கள், ஒன்று முதல் தொண்ணூற்றொன்பது வரை. அவளுக்கு நல்ல மதிப்பெண்தான் வந்தது. இந்தத் தேர்வுகளுக்கு ஒரு காசு கட்டணம் கிடையாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

எங்களுக்கு இல்லாதது ஒன்றுதான்: இந்த உலகத்தில் யாரையும் தெரியாது. மருத்துவம், மென்பொருள் என்றால் சுற்றிலும் வழிகாட்ட ஆள் உண்டு. ராணுவம் என்றால் எங்கள் சங்கத்தில் யாரைக் கேட்பது? அந்த இடத்தில்தான் அந்த விளம்பரம் வந்து நின்றது.

காணொளி அழைப்பில் விமானி உடையில் ஒருவர் வந்தார். தோளில் பதவிச் சின்னம், பின்சுவரில் பட்டயங்கள். தான் தேர்வுக் குழுக்களில் அமர்ந்தவர் என்றார். மகளின் மதிப்பெண்ணைக் கேட்டதும், எந்த விமானத்தில் பயின்றாள், காற்று குறுக்கே அடித்தபோது எப்படி இறங்கினாள் என்றெல்லாம் விசாரித்தார். மகளின் முகம் மலர்ந்துவிட்டது. அதைவிட முக்கியமானது அடுத்து நடந்தது. ஒருங்கிணைப்பாளர் என்று இன்னொரு இளைஞர் சேர்ந்தார், நல்ல தமிழ். மதுரைப் பக்கம் என்றார். "அக்கா, உங்கள் மகள் எனக்குத் தங்கை மாதிரி. நம் பிள்ளைகளுக்கு இந்த வழியைக் காட்ட ஆளே இல்லை. அதனால்தான் நான் இந்த வேலைக்கு வந்தேன்" என்று சொன்னார். நான் எத்தனையோ நாளாக வாய்விட்டுச் சொல்லாமல் வைத்திருந்த கவலையை அவர் அப்படியே எடுத்துச் சொன்னார். அவரை நம்பினேன். ஒரு தாய் நம்புவதற்கு வேண்டியதையெல்லாம் தெரிந்துவைத்துக்கொண்டுதான் அவர் அந்த அழைப்புக்கு வந்திருக்கிறார்.

முதலில் 3,000 டாலர். அதற்கு மூன்று வாக்குறுதிகள். படைப்பிரிவுகளுக்கேற்ற விண்ணப்பக் கோப்புகளை அவர்களே எழுதி அனுப்புவார்கள். குறைந்தது ஒரு பிரிவில் நேர்முகத் தேர்வு உறுதி. உடல்தகுதிக்கு "முன் ஒப்புதல்" வாங்கித் தருவார்கள். கிரெடிட் கார்டில் கட்டினால் கூடுதல் கட்டணம் உண்டு, வங்கியிலிருந்து நேரடியாக மாற்றும் செயலியில் அனுப்பினால் இல்லை என்றார்கள். அப்படியே அனுப்பினோம்.

அடுத்த வாரமே பயமுறுத்தல் தொடங்கியது. "உங்கள் குடும்பத்தில் பலர் இந்தியாவில் இருக்கிறார்கள். உங்களிடம் ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளியினருக்கான நீண்டகால விசா போன்றது) இருக்கிறது. பாதுகாப்புச் சோதனையில் இதுதான் சிக்கல். முன்கூட்டியே சரிசெய்யாவிட்டால் விண்ணப்பமே நிராகரிக்கப்படும்." இதற்கு இன்னொரு 1,200 டாலர். இதைக் கிரெடிட் கார்டில் கட்டினேன். மொத்தம் 4,200 டாலர். எஸ்.எஃப்.-86 என்ற பாதுகாப்புச் சோதனைப் படிவத்தின் நகல் என்று ஒன்றை அனுப்பினார்கள். நூறு பக்கத்துக்கும் மேல் இருந்தது. பத்து ஆண்டு வசித்த முகவரிகள், வேலைகள், சமூகப் பாதுகாப்பு எண், கடவுச்சீட்டு எண், இந்தியாவில் உள்ள என் அண்ணன், மகளின் பாட்டி என ஒவ்வொருவரின் பெயரும் முகவரியும் என்று மகள் பாதிக்கு மேல் நிரப்பி அனுப்பிவிட்டாள்.

இப்போது எங்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பாதுகாப்பு அனுமதியைத் தனியார் யாரும் வாங்கித் தர முடியாது. நீங்களாக விண்ணப்பிக்கவும் முடியாது. ஒரு பிரிவு உங்களைத் தேர்ந்தெடுத்த பிறகு அரசே தன் இணையதளத்துக்கு அழைப்பு அனுப்பும், அங்கேதான் நிரப்ப வேண்டும். வெளிநாட்டில் உறவினர் இருப்பது தானாகவே யாரையும் தகுதியிழக்கச் செய்யாது. மறைத்தால்தான் ஆபத்து. ஓசிஐ அட்டை குடியுரிமையே அல்ல. "முன் ஒப்புதல்" என்று அவர்கள் அனுப்பிய உடல்தகுதிச் சான்றும் வெறும் காகிதம். விமானிகளுக்கான உடல்தகுதிச் சோதனையைத் தேர்வான பிறகு ஒஹையோவில் உள்ள ரைட்-பேட்டர்சன் தளத்தில் விமானப்படை மருத்துவர்கள் செய்வார்கள். அதற்கு முன்னால் எந்த ஒப்புதலுக்கும் பொருள் இல்லை.

எனக்கு இன்னும் பொறுக்காத விஷயம் வேறு. அவர்கள் மகளிடம் திரும்பத் திரும்பச் சொன்னது: "படைப்பிரிவை நீங்கள் நேரடியாகத் தொடர்புகொள்ளாதீர்கள், எங்கள் தொடர்பு கெட்டுவிடும்." உண்மை இதற்கு நேர்மாறானது. பிரிவினர் விண்ணப்பதாரரை நேரில் பார்க்க விரும்புகிறார்கள். மாதம் ஒரு வார இறுதியில் பயிற்சிக்குக் கூடுவார்கள் அல்லவா, அப்போது வந்து எல்லோரையும் சந்திக்கச் சொல்கிறார்கள். ஒரு முறை அல்ல, பலமுறை வருபவர்களை நினைவில் வைத்திருக்கிறார்கள். பல ஆண்டுகள் ஒன்றாகப் பறக்கப்போகிறவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொள்ளாமல் யார் எடுப்பார்கள்? எங்கள் மகள் அந்த மாதங்கள் முழுவதும் வீட்டில் உட்கார்ந்து மின்னஞ்சல் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே அவளைப் போன்ற பிள்ளைகள் விமானக் கொட்டகைகளில் விமானிகளோடு நின்று பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

உண்மை வெளிவந்தது ஒரு நல்ல மனிதரால். சரக்கு விமானப் பிரிவு ஒன்றில் விண்ணப்பங்களைப் பார்க்கும் அதிகாரி மகளை நேரடியாக அழைத்தார். அவளுடைய கடிதத்தில், "உங்கள் எஃப்-16 பிரிவில் போர் விமானம் ஓட்டுவது என் வாழ்நாள் கனவு" என்று இருந்ததாம். சி-130 பிரிவுக்கு அனுப்பிய கடிதம் அது! அதோடு, அதே வாசகங்கள் வேறு விண்ணப்பங்களிலும் வந்திருப்பதாகச் சொன்னார். அவளுடைய மதிப்பெண்ணும் பறந்த மணிநேரமும் நன்றாக இருந்ததால், இவளே எழுதியதா என்று கேட்க நினைத்தாராம். "இடத்தை உறுதிசெய்து தர எவராலும் முடியாது அம்மா, விண்ணப்பிக்கக் காசே வேண்டாம்" என்று அவர் மகளிடம் சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன். ஆனால் அந்தப் பிரிவின் கடைசித் தேதி முடிந்துவிட்டது. பல பிரிவுகள் ஆண்டுக்கு ஒரு முறைதான் தேர்வுக் குழுவைக் கூட்டுகின்றன. வயது வரம்பு உள்ள பணியில் ஓர் ஆண்டு போவது சாதாரணமா?

அதன் பிறகு நடந்ததுதான் கொடுமை. முதலில், "கோப்பு மதிப்பாய்வில் இருக்கிறது." பிறகு, "ராணுவ நடைமுறை மெதுவானது, பொறுமை வேண்டும்." எஃப்-16 கடிதத்தைக் காட்டியதும், "அது வரைவு, தவறுதலாகப் போயிருக்கலாம்." பணத்தைத் திருப்பிக் கேட்டதும், "சேவை தொடங்கிவிட்டது, நிபந்தனைகளைப் பாருங்கள்." நான் அழைத்தால், "உங்கள் மகள் பதினெட்டு வயது கடந்தவர், தனியுரிமை காரணமாக அவரிடம்தான் பேசுவோம்." மகள் அழைத்தால், "பணம் கட்டியவர் உங்கள் அம்மா, அவர்தான் கேட்க வேண்டும்." இருவரும் சேர்ந்து அழைத்தோம், இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். விமானி உடையில் வந்தவர் எந்தப் பிரிவில் பணியாற்றினார் என்று கேட்டதற்கு, "பாதுகாப்புக் காரணங்களால் சொல்ல முடியாது" என்று பதில் வந்தது. தன் பிரிவு எது என்று பெருமையோடு சொல்லாத நேஷனல் கார்டு விமானியை மகள் இதுவரை சந்தித்ததில்லை. அக்கா என்று அழைத்த அந்த இளைஞர் மூன்று வரியில் ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார், "அன்புள்ள மேடம்" என்று. அதுதான் கடைசி.

செயலி வழியாக அனுப்பிய 3,000 டாலரை வங்கியால் மீட்க முடியாதாம். "நீங்களே ஒப்புதல் கொடுத்து அனுப்பிய பணம்" என்கிறார்கள். ஏமாற்றி வாங்கிய ஒப்புதல் ஒப்புதலா என்று கேட்டேன், பதில் இல்லை. கிரெடிட் கார்டில் கட்டிய 1,200 டாலருக்கு ஆட்சேபம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். அந்தத் தொகை காட்டும் மாதாந்திரக் கணக்கு அனுப்பப்பட்ட 60 நாட்களுக்குள் எழுத்துபூர்வமாகக் கொடுக்க வேண்டும். தள்ளிப்போடாதீர்கள். இவர்கள் "பொறுமையாக இருங்கள்" என்று சொல்வதே அந்தக் கெடு முடியட்டும் என்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

4,200 டாலர் என் மகள் விமானத்தில் இன்னும் எத்தனையோ மணிநேரம் பறந்திருக்கக்கூடிய பணம். விமான நிலைய மேசையில் நின்று அவள் சேர்த்ததும் அதில் இருக்கிறது.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதலாம் என்றுதான் தொடங்கினேன். இப்போது அதற்கு மனம் இடம் கொடுக்கவில்லை. அவசரமாகச் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். விண்ணப்பத்துக்கோ தேர்வுக்கோ பாதுகாப்பு அனுமதிக்கோ யார் பணம் கேட்டாலும் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். நேர்முகத் தேர்வு உறுதி என்று சொல்பவர் பொய் சொல்கிறார். பிரிவின் அதிகாரபூர்வ இணையப் பக்கத்தில் ஆள்சேர்ப்பு அதிகாரியின் எண் இருக்கும். பிள்ளையே அழைக்கட்டும், நேரில் போகட்டும், கடிதத்தைத் தானே எழுதட்டும். எழுத்தைத் திருத்த உதவி வேண்டுமென்றால் அந்தப் பிரிவில் சேர்ந்த இளம் விமானிகளையே கேட்கலாம், பலர் காசு வாங்காமல் உதவுகிறார்கள். ஏமாந்துவிட்டீர்கள் என்றால் ஃபெடரல் டிரேட் கமிஷனிலும், எஃப்.பி.ஐ.யின் இணையக் குற்றப் புகார் மையத்திலும், உங்கள் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்திலும் புகார் கொடுங்கள். நாங்கள் மூன்றிலும் கொடுத்துவிட்டோம்.

எஸ்.எஃப்.-86 என்று சொல்லி உங்களிடம் யாராவது படிவம் வாங்கியிருந்தால் பணத்தை விட அதைப் பற்றி முதலில் கவலைப்படுங்கள். சமூகப் பாதுகாப்பு எண் அவர்கள் கையில் இருக்கிறது. ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்ற மூன்று கடன் மதிப்பீட்டு நிறுவனங்களிலும், உங்கள் பெயரில் வேறு யாரும் கடன் வாங்க முடியாதபடி கடன் அறிக்கையை முடக்கிவைக்கலாம், கட்டணம் இல்லை. மகளுக்கு நேற்று இரவே செய்துவிட்டோம். நீங்களும் இன்றே செய்யுங்கள்.